வாசிப்பும் வழியறிதலும்: விலைக்கு வாங்கும் பயிற்சிகள் பயன் தருமா?

விருத்தாசலத்தில் பேருந்து ஏறி, கிழக்கே உள்ள கம்மாபுரத்தில் நீங்கள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஊர் உங்களுக்குப் புதிது. நிறுத்தத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்கிறீர்கள். "இப்படியே கெழக்கால போ தம்பி. வாய்க்கால் வரும். அதைத் தாண்டி வடக்கால திரும்பினா ரெண்டாவது தெரு" என்கிறார் அவர். பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவரோ, "நேரா போங்கண்ணா, வாய்க்கால் தாண்டினதும் லெப்ட்ல கட் பண்ணுங்க" என்கிறார்.

இருவர் சொன்னதும் ஒரே வழிதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நீங்கள் அதே வழியில் திரும்பி வரும்போது "லெப்ட்" ரைட்டாக மாறிவிடும். வடக்கு மாறாது. இச்சிறு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, அதே நிறுத்தத்தின் சுவரைப் பாருங்கள். எந்த ஊர்ச் சுவரிலும் காணக்கூடிய விளம்பரம்தான்: "நிமிடத்துக்கு 1,000 சொற்கள் படிக்கலாம்!", "நினைவாற்றலைப் பத்து மடங்கு பெருக்கலாம்!", "மூளைக்குப் பயிற்சி, எல்லாப் பாடத்திலும் முதன்மை!" சுவரொட்டியின் இடத்தை இன்று கைப்பேசித் திரை பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. வாக்குறுதி மாறவில்லை. படித்தல், நினைவில் வைத்தல், வழி கண்டறிதல் போன்ற அன்றாடத் திறன்களை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை நல்ல ஆசையே. அந்த ஆசைக்குக் கடையில் விற்கப்படும் சரக்கு நல்ல சரக்கா என்பதே நம் கேள்வி.

கண் எவ்வாறு படிக்கிறது?

வரியின் மீது நம் கண் வழுக்கிக்கொண்டே செல்வதாக நாம் எண்ணுகிறோம். அது உண்மையன்று. பிரெஞ்சுக் கண் மருத்துவர் லூயி எமில் ஜவாலும் அவருடைய ஆய்வுக்கூடத்தினரும் 1870-களின் இறுதியிலேயே இதைக் கண்டறிந்தனர். கண் ஓரிடத்தில் நிற்கிறது; பிறகு ஒரு தாவு தாவுகிறது; மீண்டும் நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் வினாடி நீடிக்கும். எழுத்து நிற்கும்போதுதான் மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

ஒரு நிறுத்தத்தில் எவ்வளவு எழுத்துகள் தெளிவாகத் தெரியும்? விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய குழிப்பகுதி ஒன்றே நுண்ணிய எழுத்தைப் பிரித்தறிய வல்லது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் தெளிவான பார்வையின் பரப்பு. ஐயமிருந்தால் இப்போதே சோதித்துப் பாருங்கள். இந்த வரியின் ஏதேனும் ஒரு சொல்லில் பார்வையை அசையாமல் நிறுத்துங்கள். கண்ணை நகர்த்தாமல் அதற்கு அப்பால் மூன்றாவது சொல்லைப் படிக்க முயலுங்கள். முடியவில்லை அல்லவா?

பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் விழுங்கலாம் என்று கற்பிப்பவர்கள் இந்தக் குழியைக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்னும் ஆசிரியை 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய வேக வாசிப்புப் பயிற்சி உலகெங்கும் பரவியது. இன்றைய விளம்பரங்கள் பலவும் அதன் வழித்தோன்றல்களே. படிப்பின் உளவியலை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கீத் ரேனர் என்பவரும் அவருடைய தோழர்களும், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். வேகம் கூடினால் புரிதல் குறைகிறது. இரண்டையும் ஒருசேர மும்மடங்காக்கும் மந்திரம் எதுவுமில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மனத்துக்குள் ஒலித்துப் படிப்பதைக் கெட்ட பழக்கம் என்கின்றன பயிற்சி வகுப்புகள். புரிந்துகொள்வதற்கு அந்த உள்ளொலி துணை செய்கிறது என்கிறது ஆய்வு.

மற்றொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் உரைநடை படிப்போரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சொற்கள். இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே ஆறேழு சொற்கள் ஆகும். அங்கே அளந்த அளவுகோலை இங்கே நீட்டி, "உங்கள் வேகம் குறைவு" என்று மாணவரைப் பயமுறுத்துவது அறிவியலாகாது.

வேக வாசிப்புப் பயிற்சியில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. தலைப்பு, உட்தலைப்பு, பத்திகளின் முதல் வரி ஆகியவற்றைப் பார்த்துத் தேவையான பகுதி எங்கே இருக்கிறதென்று கண்டுகொள்ளலாம். செய்தித்தாளுக்கு இது போதும். ஆனால் இதற்குப் பெயர் மேலோட்டமாகப் பார்த்தல். இதைப் படித்தல் என்று விற்பதில்தான் குற்றம் இருக்கிறது.

ஒன்றில் பயின்றால் மற்றொன்று வருமா?

வேக வாசிப்பு ஒரு திறனையாவது குறிப்பிட்டுச் சொல்கிறது. "மூளைப் பயிற்சி" என்பதோ எல்லாத் திறனையும் ஒரேயடியாக வளர்ப்பதாகச் சொல்கிறது. இந்த எண்ணம் பழையது. இலக்கணமும் கணிதமும் மனத்தைத் தீட்டும். தீட்டிய மனம் எதையும் வெட்டும் என்று நம்பினார்கள். தோர்ன்டைக், உட்வொர்த் என்னும் இரு அமெரிக்க உளவியலார் 1901-ஆம் ஆண்டில் இதைச் சோதித்தனர். நீள்சதுரங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி அளித்தனர். அந்தச் சதுரங்களில் அவர்கள் தேறினார்கள். வேறு வடிவங்களைத் தந்தபோது, எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் தென்படவில்லை. பயின்ற செயலுக்கும் புதிய செயலுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ, அவ்வளவுதான் திறன் இடம் மாறுகிறது.

நூறாண்டுக்குப் பின்னும் கதை அதுவே. கணினியில் மூளை விளையாட்டுகளை விற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று, அவை பள்ளியிலும் அலுவலகத்திலும் திறமையை உயர்த்தும், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்தது. போதிய சான்றில்லாத விளம்பரம் என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

நம் நாட்டில் இதைவிட வேடிக்கையான ஒன்று பரவியது. "நடுமூளையைத் தூண்டினால்" குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பார்கள் என்று வகுப்புகள் நடத்தினார்கள். கண்கட்டுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பதை நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் சோதித்துக் காட்டினர். நடுமூளை என்பது கண்ணின் அசைவு முதலியவற்றை நடத்தும் பகுதி. உயிருள்ள வரை அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் புதிதாகத் தூண்ட வேண்டியதில்லை. பெற்றோர் இழந்தது பணம். குழந்தை கற்றதோ, பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல. இது பணத்தைவிடப் பெரிய இழப்பு.

வழியறியும் மூளை

அப்படியானால் பயிற்சியால் மூளை மாறுவதே இல்லையா? மாறுகிறது. அதற்கு மிகச் சிறந்த சான்று வழியறிதலில்தான் கிடைத்திருக்கிறது.

லண்டன் மாநகரில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெறுவது எளிதன்று. ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வு எழுத வேண்டும். இதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். எலினார் மக்வயர் என்னும் அறிவியலார் 2000-ஆம் ஆண்டில் இந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்தார். இடநினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பின்புறம் அவர்களிடம் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே பெரிதாக இருந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வந்தார்களோ என்ற ஐயம் எழுமல்லவா? அதைத் தீர்க்கப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் எல்லார் மூளையும் ஒன்றுபோல் இருந்தது. தேர்வில் வென்ற 39 பேரிடம் மட்டும் அப்பகுதி வளர்ந்திருந்தது.

இச்செய்தியின் முற்பாதியைப் பயிற்சி விற்பவர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். பிற்பாதியைச் சொல்வதில்லை. சிக்கலான கோட்டுப் படம் ஒன்றைப் பார்த்துச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் சோதனையில், வென்ற ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். லண்டன் தெருக்களைப் பயின்றவர்கள் லண்டன் தெருக்களில் தேர்ந்தார்கள். மொத்த நினைவாற்றலும் பெருகிவிடவில்லை. தோர்ன்டைக் கண்டதையே மூளைப் படமும் காட்டுகிறது.

கைப்பேசி வழிகாட்டியைப் பற்றி என்ன சொல்வது? கனடாவில் 50 ஓட்டுநர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், அதை மிகுதியாக நம்பியவர்கள் துணையின்றி வழி காணும் சோதனையில் பின்தங்கினார்கள். மூன்றாண்டு கழித்து மறுபடி சோதிக்கப்பட்டவர்களில், மிகுதியாகப் பயன்படுத்தியவர்களுக்குச் சரிவும் மிகுதியாக இருந்தது. ஆனால் மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேரே. இவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு, "கைப்பேசி மூளையை அழிக்கிறது" என்று முழங்குவதும் விளம்பரக்காரர் செய்யும் தவறேயாகும். அவசர ஊர்திக்கும் புதிய ஊருக்கு இரவில் வருபவருக்கும் அக்கருவி பேருதவி. "இருநூறு மீட்டரில் திரும்புக" என்று அது கட்டளையிடும்போது, நாம் எங்கே இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் வேலை நமக்கு இல்லாமல் போகிறது. செய்யாத வேலையில் திறன் வளராது. இவ்வளவை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கிழக்கும் இடப்பக்கமும்

இப்போது கம்மாபுரத்துப் பெரியவரிடம் திரும்புவோம்.

எரிக் பீடர்சன் என்னும் மொழியியலார் 1990-களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார். நகரத்துத் தமிழர் மேசைமேல் உள்ள பொருள்களை "வலப்பக்கம், இடப்பக்கம்" என்று குறிப்பிட்டனர். கிராமத்துத் தமிழர் பலர் அச்சிறு இடத்திலும் "வடக்கே இருப்பது, தெற்கே இருப்பது" என்றனர். மொழி ஒன்றே, திசை சொல்லும் முறை இரண்டு. வரிசையாக வைத்த பொருள்களைப் பார்த்து நினைவில் கொண்டு, பின்புறம் திரும்பி மற்றொரு மேசையில் அடுக்கும் சோதனையிலும் இந்த வேறுபாடு தலைகாட்டியது. திசையால் பேசுபவர் நினைவிலும் திசையையே வைத்திருந்தார்.

38 நாடுகளில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஆடிய வழிகாணும் கணினி விளையாட்டு ஒன்றின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள், பொதுவாக நகரத்தில் வளர்ந்தவர்களைவிட நன்றாக வழி கண்டார்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்த நகரங்களில் வளர்ந்தவர்களிடம் இந்தப் பின்தங்கல் மிகுதியாகத் தெரிந்தது. ஆனால் அத்தகையோர், கட்டம் கட்டமாக அமைந்த விளையாட்டுப் பகுதிகளில் ஓரளவு சிறப்பாகவே ஆடினார்கள். இங்கும் பயின்றதே வருகிறது.

பெரியவர் எந்த வகுப்பிலும் சேரவில்லை. முந்திரித் தோப்பில் ஒரு மரம் போலவே மறு மரம் இருக்கும். அங்கே இடமும் வலமும் உதவா. கிழக்கும் மேற்கும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தவறினால் கால் வலிக்கும். அந்த வலியே அவருக்கு ஆசிரியர்.

பள்ளி செய்ய மறந்தது

விளம்பரங்களைக் குறை சொல்லிவிட்டுப் பள்ளியை விட்டுவிடுவது நியாயமாகாது. பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்திய வரைபடம் தருகிறார்கள். மலைகளையும் ஆறுகளையும் நம் மாணவர்கள் அழகாகக் குறிக்கிறார்கள். அதே மாணவர், "இந்த வகுப்பறையில் இருந்தபடியே விருத்தாசலம் எந்தப் பக்கம், நெய்வேலி எந்தப் பக்கம் என்று கை காட்டு" என்றால் திகைக்கிறார். படம் தாளில் இருக்கிறது. காலடியில் இருக்கும் நிலத்தோடு அது சேரவில்லை.

பாடமாகப் படித்த விதிகளும் நம் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்பது ஐரோப்பாவில் ஆண்டு முழுவதும் உண்மை. கம்மாபுரம் வடக்கு அட்சரேகை பதினொன்றரைப் பாகையை ஒட்டி இருக்கிறது. ஏறத்தாழ ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை இங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், நிழல் தெற்கே விழும்! "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்பதும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரண்டு நாள்களையொட்டித்தான் துல்லியமான உண்மை. டிசம்பரில் அது கிழக்குக்கு 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. துருவ மீனோ இங்கே அடிவானத்துக்குப் பதினொன்றரைப் பாகை மேலேதான் நிற்கும். ஒரு புளியமரம் போதும் அதை மறைக்க.

இத்திறன்கள் குறைந்தால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பூச்சி மருந்து டப்பாவை எடுத்துப் பாருங்கள். அதன்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறக்குறி இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அந்த வரிசையில் நஞ்சு குறைகிறது. பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று. எத்தனை லிட்டர் நீருக்கு எத்தனை மில்லி, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பன சிறு எழுத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 1,000 சொற்கள் படிப்பவருக்கு இங்கே வேலையில்லை. ஒரு புள்ளியையும் தவறவிடாமல் படிப்பவரே தேவை.

பட்டாவும் அப்படியே. அதில் பரப்பு ஹெக்டேரிலும் ஆரிலும் இருக்கும். வீட்டில் பேசுவதோ ஏக்கரும் சென்ட்டும். 1 ஏக்கர் என்பது 100 சென்ட். அதாவது சுமார் 40.5 ஆர். புல வரைபடத்தில் எது வடக்கு, எந்தக் கோடு எந்த வரப்பு என்று தெரியாதவர், பிறர் விரல் வைத்த இடத்தைத் தம் நிலம் என்று நம்ப வேண்டியதுதான். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் விரிந்ததால் நிலமும் சாலையும் இடம் மாறிய பகுதி இது. இழப்பீட்டுக்கும் எல்லைக்கும் இங்கே வரைபடமே பேசுகிறது. அதைப் படிக்கத் தெரிவது உரிமையைக் காக்கும் கல்வி.

சூளை கற்பிக்கும் பாடம்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையின் உள்ளே வெப்பம் போதுமா என்று அறிய, ஜெர்மானியர் ஹெர்மன் செகர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வழி வகுத்தார். குறிப்பிட்ட வெப்பத்தில் வளையும் சிறு மண்கூம்புகளைச் சரக்கோடு வைப்பது அது. தொழிலாளி நெருப்பின் நிறத்தைப் பார்த்து மதிப்பிடுகிறார். கூம்பு வளைந்ததா இல்லையா என்பது அவர் மதிப்பீடு சரியா தவறா என்று சொல்லிவிடுகிறது. இப்படிப் பல சூளைகளைக் கண்ட பிறகு அவர் கண்ணே தேர்ந்துவிடுகிறது. விற்பனைப் பயிற்சிகளில் இல்லாதது இந்தக் கூம்புதான். அவை வேகத்தை அளக்கின்றன, தவறைக் காட்டுவதில்லை.

உங்கள் கூம்பை நீங்களே செய்துகொள்ளலாம். காசு வேண்டாம்.

படிப்பதற்கு: ஒரு பகுதியை ஒருமுறை படியுங்கள். நூலை மூடுங்கள். நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலார் 2006-இல் செய்த சோதனையில், இருமுறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவு கூர்ந்தது 42 விழுக்காடு. ஒருமுறை படித்து ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களோ 56 விழுக்காடு நினைவு கூர்ந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

வழியறிவதற்கு: புறப்படுமுன் வரைபடத்தைப் பாருங்கள், கைப்பேசியைப் பையில் போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் எங்கே தவறினீர்கள் என்று பாருங்கள். பேருந்தை விட்டு இறங்கியதும் கிழக்கு எது என்று முடிவு செய்து, பிறகு திசைகாட்டியில் சரிபாருங்கள். உங்கள் தெருவை நினைவிலிருந்து வரைந்து, நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பட்டாவும் புல வரைபடமும் இப்போது தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசை எண்படி நம் பகுதி 58 எம் என்னும் தாளில் அடங்கும். 1:50,000 அளவுப் படத்தில் 2 சென்டிமீட்டர் தூரம் நிலத்தில் 1 கிலோமீட்டர். அளந்து பாருங்கள், நடந்தும் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்திய வரைபடத்தைத் தருமுன் மாணவர்களைப் பள்ளித் திடலில் நிறுத்தி, கடல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பெரியவர்களை அழைத்து, அவர்கள் எப்படி வழி சொல்கிறார்கள் என்று கேட்கச் செய்யுங்கள். "கெழக்கால" என்னும் சொல்லைக் கொச்சை என்று திருத்த வேண்டாம். அதற்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. அது மறைந்துபோனால் எந்தக் கட்டணம் கட்டியும் மீட்க முடியாது.